கடன் கைமீறிப் போனால் எங்கிருந்து தொடங்குவது: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினருக்கு ஒரு வழிகாட்டி

மாங்காய்க்கு விலை கிடைக்காத பருவம், பாலக்கோடு பக்கத்தில் தக்காளி பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாத வாரம், பெங்களூருவில் கட்டட வேலை நின்றுபோன மாதம் என ஏதேனும் ஒன்று வந்தால் கடன் வாங்காமல் சமாளிக்கக்கூடிய குடும்பங்கள் இந்த இரு மாவட்டங்களிலும் குறைவுதான். கடன் வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. ஒரு கடனின் தவணையைக் கட்ட இன்னொரு கடனை வாங்கும் நிலை வந்துவிட்டால் மட்டும் அதைத் தனியாக உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவும், அவர்களுக்கு உதவ நினைக்கும் உறவினர்களுக்காகவும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

பெரும்பாலான வீடுகளில் வாசலில் வந்து நின்று சத்தம் போடுபவருக்கே முதலில் பணம் போகிறது. சத்தம் போடாமல் மாதம் மூன்று ரூபாய் வட்டி வாங்கிக்கொண்டிருப்பவரின் கடன் அப்படியே நிற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகை ஏல நோட்டீஸ் வரும் வரை நினைவுக்கே வருவதில்லை. எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பதை அதன் வட்டியும், கட்டாவிட்டால் நேரக்கூடிய விளைவும் தீர்மானிக்க வேண்டுமே தவிர, கேட்பவரின் குரல் தீர்மானிக்கக் கூடாது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இதைச் செய்து முடிப்பதற்கானவையே.

எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

பழைய நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து ஆறு கட்டங்கள் போடுங்கள்: யாரிடம் வாங்கியது, கையில் வந்த தொகை, இன்று உள்ள பாக்கி, வட்டி, மாதத்துக்குக் கட்டுவது, ஈடாகக் கொடுத்தது. கடைசிக் கட்டத்தில் நகை, பத்திரம், வண்டியின் ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றோடு கையெழுத்திட்டுக் கொடுத்த புரோநோட்டு, வெற்றுக் காசோலை, ஏ.டி.எம். அட்டை ஆகியவற்றையும் விடாமல் எழுத வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கியதும், மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கியதும் இந்தத் தாளில் வந்தாக வேண்டும். இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான். கணக்குப் போடுவது எளிது.

குழுக் கடனுக்கு நிறுவனம் கொடுத்த கடன் அட்டையில் தவணை வாரியாக அசலும் வட்டியும் பாக்கியும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். குழுவினர் கூடித் தவணை கட்டும் சென்டர் மீட்டிங்கில் ஊழியர் கையெழுத்துப் போட்ட தவணைகளையும் நீங்கள் பணம் கொடுத்த தேதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுத்த பணத்துக்குக் கையெழுத்து விடுபட்டிருந்தால் அன்றைக்கே கேட்பது நல்லது. ஆள் மாறிவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வங்கிக் கடன்களும் நிறுவனக் கடன்களும் எத்தனை உங்கள் பெயரில் இருக்கின்றன என்பதில் ஐயம் இருந்தால் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வேறு யாருக்கோ எடுத்துக் கொடுத்த குழுக் கடன், ஜாமீன் போட்ட வண்டிக் கடன், நீங்கள் வாங்காமலேயே உங்கள் ஆதாரில் ஏறிய கடன் எல்லாம் அங்கே தெரியும்.

வட்டியை ஒரே அளவுக்கு மாற்றுங்கள்

வங்கி ஆண்டு வட்டி சொல்கிறது, கைமாற்று கொடுப்பவர் நூற்றுக்கு மாத வட்டி சொல்கிறார், தண்டல்காரர் வட்டி என்ற சொல்லையே எடுப்பதில்லை. எல்லாவற்றையும் ஆண்டு சதவீதமாக மாற்றினால்தான் ஒப்பிட முடியும். இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், மூன்று ரூபாய் என்றால் 36, ஐந்து ரூபாய் என்றால் 60. தண்டலில் 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் 10,000 ரூபாய் வாங்கினால், பார்வைக்கு அது 15 சதவீதம்போலத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. குழுக் கடனின் வட்டி அதிகம் என்று குறைபட்டுக்கொண்டே, அதைக் கட்டுவதற்காகத் தண்டல் எடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கடன் கொடுத்தவர் எந்த வகையைச் சேர்ந்தவர்?

உங்கள் உரிமைகளும் முறையிட வேண்டிய இடமும் கடன் கொடுத்தவரின் வகையைப் பொறுத்தவை. தவறான கதவைத் தட்டி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர்.

வங்கியும், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமும், குழுக் கடன் தரும் நுண்கடன் நிறுவனமும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் வருபவை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் மாநிலக் கூட்டுறவுத் துறையின் கீழ் வருகிறது; அங்கே குறை இருந்தால் மண்டல இணைப்பதிவாளரிடம் எழுத வேண்டும். அடகுக்கடைக்கு வட்டாட்சியர் வழங்கிய உரிமம் இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் தனிநபர் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டவர். கைபேசிச் செயலி வழியாகக் கொடுத்தவர் யாருடைய பணத்தைக் கொடுத்தார் என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள். பதிவு பெற்ற வங்கியின் பெயரோ நிதி நிறுவனத்தின் பெயரோ அதில் இல்லையென்றால் அது சட்டத்துக்குப் புறம்பான செயலி என்றே கருதிக்கொள்ளலாம்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மகளிர் சுய உதவிக் குழு வேறு, தனியார் நிறுவனம் ஐந்து பேரையோ பத்துப் பேரையோ சேர்த்துக் கொடுக்கும் குழு லோன் வேறு. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு இயக்கம் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பட்டதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதனுள் அடங்கியிருந்தது, 2004-இல் தனி மாவட்டமானது. சுய உதவிக் குழுவில் உறுப்பினர்களின் சேமிப்பு அவர்களுடையது, தீர்மானம் அவர்களுடையது, வங்கிக் கடனின் வட்டியும் குறைவு. தனியார் குழு லோனில் சேமிப்பும் இல்லை, தீர்மானமும் இல்லை, கூட்டுப் பொறுப்பு மட்டுமே இருக்கிறது. இரண்டுமே ஊர்வழக்கில் "குழு" என்று ஆகிவிட்டதால், தனியார் நிறுவன ஊழியரைப் பற்றி மகளிர் திட்ட அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டுப் பதில் வரவில்லை என்று வருந்துவோர் உண்டு.

வரவுக்குள் அடங்குமா என்று பாருங்கள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய். அரிசி, பள்ளிக்கூடம், மருந்து, பேருந்து எல்லாம் போக 8,500 ரூபாய் மிஞ்சுகிறது. கட்ட வேண்டியவை: ஒரு நுண்கடன் பாக்கி 32,000, மாதத் தவணை 2,400, இன்னொரு நுண்கடன் பாக்கி 41,000, தவணை 2,850, இருசக்கர வாகனத்துக்கு 2,900, இன்னும் 11 மாதங்கள், தெரிந்தவரிடம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய 50,000-க்கு வட்டி மட்டும் 1,500, கூட்டுறவு வங்கியில் 60,000 ரூபாய்க்கு வைத்த நகைக்கு ஆண்டு வட்டியாக மாதம் 500 ஒதுக்க வேண்டும். ஆக மொத்தம் 10,150. மாதந்தோறும் 1,650 ரூபாய் துண்டு விழுகிறது. அந்த இடத்தில்தான் தண்டல் நுழைகிறது.

இந்தத் தாளில் மோசமான கடன் எது? சென்டர் மீட்டிங்கில் மானத்தை வாங்கும் நுண்கடன் என்றுதான் அந்த வீட்டார் சொல்வார்கள். ஆனால் ஆண்டுக்கு 18,000 ரூபாயை விழுங்கிவிட்டு அசலில் ஒரு ரூபாயும் குறையாத கைமாற்றுதான் உண்மையில் மோசமானது. அதே 50,000-ஐச் சுய உதவிக் குழு வழியாக 12 சதவீத வட்டிக்கு வாங்கி அடைத்துவிட்டால், மாதம் சுமார் 1,660 ரூபாய் வீதம் மூன்று ஆண்டில் கடனே முடிந்துவிடும். இப்போது வட்டிக்கு மட்டும் கொடுப்பதைவிட 160 ரூபாய்தான் கூடுதல்.

அடுத்து, இரண்டு நுண்கடன்களின் தவணைக் காலத்தையும் நீட்டித் தருமாறு கேட்க வேண்டும். வட்டி 24 சதவீதம் என்று கொண்டால், 41,000 ரூபாயை 30 மாதமாக்கினால் தவணை ஏறத்தாழ 1,830; 32,000 ரூபாயை 24 மாதமாக்கினால் 1,690. இப்போது மொத்தம் 8,580. எண்பது ரூபாய்தான் இடிக்கிறது. வண்டிக் கடன் முடியும் மாதத்திலிருந்து 2,900 கைக்கு வந்துவிடும். இதற்கு விலை இல்லாமல் இல்லை: 41,000 ரூபாய்க் கடனில் மட்டும் நீட்டிப்பால் ஆறாயிரம் ரூபாய் அளவுக்கு வட்டி கூடுகிறது. இருந்தாலும் 120 சதவீதத் தண்டலை ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய விலை.

உங்கள் கணக்கு இப்படி ஏறத்தாழ அடங்கிவிட்டால் தவணை மாற்றமும் குறைந்த வட்டிக் கடனுமே போதும். எவ்வளவு நீட்டினாலும் அடங்கவில்லையென்றால் சொத்து விற்பனை, ஒரே தவணைத் தீர்வு (பேசிக் குறைத்த தொகையை ஒரே முறையில் கட்டிக் கடனை முடிப்பது), சட்ட உதவி ஆகியவற்றுக்கு நேராகப் போய்விடுங்கள். இடையில் காலம் கடத்துவது வட்டியை மட்டுமே வளர்க்கும்.

முதலில் கட்ட வேண்டியவை

விளைவு கடுமையானவற்றை முன்னால் வையுங்கள். ஏலத்துக்கு நெருங்கிய நகை, குடியிருக்கும் வீட்டின் மேல் உள்ள கடன், பிழைப்புக்கான வண்டியின் தவணை, காசோலை கொடுத்திருக்கும் கடன் ஆகியவை இந்த வகையில் வரும். கடனைத் திருப்பிக் கட்ட இயலாதது தன்னளவில் குற்றமல்ல. அதற்காகக் காவல் துறை கைது செய்ய முடியாது. ஆனால் பணமின்றித் திரும்பிய காசோலைக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்க ஒப்புதல் கொடுத்த தவணை திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடாச் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இருக்கிறது.

இவற்றுக்கு அடுத்து, வட்டி அதிகமான கடன் முதலில், குறைவானது பின்னால். கூட்டுறவுப் பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. கெடு தவறினால் அந்தச் சலுகை போய்விடும். தள்ளுபடி வரும் என்று அதைக் கட்டாமல் காத்திருக்கும் பழக்கம் நம் பக்கத்தில் நிறையவே இருக்கிறது. 2021-இல் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானது உண்மை. அதே ஆண்டில் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடிக்கு விதித்த நிபந்தனைகளில் பலர் வெளியே தள்ளப்பட்டதும் உண்மை. தனியாரிடம் வாங்கிய கடனுக்கு இத்தகைய அறிவிப்புகள் பொருந்துவதே இல்லை. அறிவிப்பு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்; கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

எழுத்தில் கேளுங்கள்

தவணை தவறிய பிறகு ஒளிந்துகொள்வதைவிட, தவறப்போகிறது என்று தெரிந்தவுடன் கிளைக்குப் போவது நல்லது. வீட்டுக்கு வரும் வசூல் ஊழியருக்குத் தவணையை மாற்றும் அதிகாரம் இல்லை. அவரிடம் கெஞ்சுவதில் பயன் இல்லை, கோபப்படுவதிலும் பயன் இல்லை. கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவஞ்சலில் அனுப்புங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, எனது கடன் கணக்கில் இதுவரை தவணைகளைத் தவறாமல் செலுத்தி வந்துள்ளேன். என் கணவருக்கு இரண்டு மாதங்களாக வேலை இல்லாததால் தற்போது எங்கள் குடும்ப வருமானம் குறைந்துவிட்டது. வருமானம், செலவு, பிற கடன்கள் ஆகியவற்றின் விவரத்தை இணைத்துள்ளேன். மாதம் 1,830 ரூபாய் என்னால் தவறாமல் செலுத்த முடியும். ஆகவே தவணைக் காலத்தை 30 மாதங்களாக நீட்டித்துத் தருமாறும், அபராதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறும், முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கட்ட முடியாத தொகையை அந்த நேரத்துத் தப்பித்தலுக்காக எழுதிவிடாதீர்கள். நீட்டித்துத் தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. தந்தாலும் அது கடன் அறிக்கையில் பதிவாகும், அடுத்த சில ஆண்டுகளுக்குப் புதுக் கடன் கிடைப்பது கடினமாகலாம். இந்த நிலையில் அது கேடு என்று சொல்வதற்கில்லை. கடன் வாங்கியவரோ, அவருடைய கணவர் அல்லது மனைவியோ இறந்திருந்தால் தவணையைப் பற்றிப் பேசுவதற்கு முன் காப்பீட்டைப் பற்றிக் கேளுங்கள். குழுக் கடன்களில் பெரும்பாலும் பிரீமியத்தை முன்கூட்டியே பிடித்திருப்பார்கள், கோரிக்கை கொடுக்கத் தெரியாமல் மீதித் தவணையைக் கட்டிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் உண்டு.

எழுதவும் கணக்குப் போடவும் துணை வேண்டுமானால் மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் நிதிசார் கல்வி மையத்துக்குச் செல்லலாம். அங்கே கட்டணம் கிடையாது. முன்னோடி வங்கி மேலாளரைச் சந்தித்தும் மனு கொடுக்கலாம். மாவட்டத்தின் எல்லா வங்கிகளோடும் அவர் தொடர்பில் இருப்பவர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். பின்னர் அதை வைத்துக் கேட்க முடியும்.

"உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தவணை கட்டுவதை நிறுத்தச் சொல்லி, அந்தப் பணத்தைத் தங்களிடம் கட்டச் சொல்பவர்கள் வழக்கு வரும்போது உடன் நிற்பதில்லை. அவர்கள் செய்வதாகச் சொல்லும் வேலை மேலே உள்ள கடிதத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

கடனை மாற்றுவதற்கான வழிகள்

வட்டி குறைந்த புதுக் கடனால் வட்டி மிகுந்த பழைய கடனை அடைப்பது, அதே நாளில் பழைய கடன் முடிந்து பத்திரம் கைக்கு வந்தால் மட்டுமே நல்ல வழி. பணம் கையில் இரண்டு நாள் தங்கினால் அதற்கு வேறு செலவு வந்துவிடும்.

நகை இருந்தால் தொடக்கக் கூட்டுறவுச் சங்கம், மத்தியக் கூட்டுறவு வங்கி, தமிழ்நாடு கிராம வங்கி, அரசு வங்கிகள் ஆகியவற்றில் வைப்பதே மலிவு. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி, 2019-இல் பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் இணைந்து உருவானது; பல ஊர்களில் இன்னும் பழைய பெயரிலேயே சொல்கிறார்கள். தனியார் நிறுவனத்தில் கிராமுக்குக் கூடுதல் தொகை தருகிறார்கள் என்பதற்காக அங்கே போனால் வட்டியும் கூடும், மீட்பதும் கடினமாகும். ஏலம் போட வேண்டிவந்தால் முன்னறிவிப்பு தர வேண்டும். கடனுக்கு மேல் கிடைத்த மீதி உங்களுடையது. இந்த மீதியைக் கேட்டு வாங்குவோர் மிகக் குறைவு.

சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுவின் சொந்த நிதியிலிருந்தும், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் சமுதாய முதலீட்டு நிதியிலிருந்தும், வங்கி இணைப்புக் கடனிலிருந்தும் பெறலாம். குழுவில் இல்லாதவர்கள் வட்டார அளவிலுள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் சேர வழி சொல்வார்கள். ஆனால் புதிய குழுவுக்கு உடனே கடன் கிடைக்காது. ஓசூர், தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களில் தள்ளுவண்டியோ நடைபாதைக் கடையோ வைத்திருப்பவர்கள் தண்டலுக்குப் பதிலாகப் பிரதமரின் சாலையோர வியாபாரிகள் கடனுக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் கடன் 15,000, அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000 வரை உயரும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான தாட்கோ, பிற்படுத்தப்பட்டோருக்கான டாப்செட்கோ ஆகிய அரசுக் கழகங்களின் கடன்கள் தொழில் தொடங்குவதற்கானவை. அவற்றை வாங்கிப் பழைய கடனை அடைத்தால், தொழிலும் இராது, புதிய தவணை மட்டும் இருக்கும்.

வசூல் அத்துமீறினால்

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளைத் தெரிந்துகொண்டால் பாதி அச்சம் போய்விடும். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஈடின்றிக் கொடுப்பதே நுண்கடன். குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் மாதம் கட்டும் தொகை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்குப் புதுக் கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது. தாமதக் கட்டணத்தைத் தவறிய தொகைக்கு மட்டுமே போட வேண்டும். இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராதவரின் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ மட்டுமே ஊழியர் போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைப்பது, தகாத சொல், மிரட்டல், உறவினரையும் உடன் வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது, பெயரை ஊரறியச் செய்வது ஆகியவை தடை செய்யப்பட்டவை. இரவு எட்டு மணி வரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "பணம் வராமல் எழுந்திருக்க மாட்டேன்" என்பது விதிமீறல். வங்கியின் பிற கடன்களுக்கு இந்த நேர எல்லை காலை 8 முதல் மாலை 7 வரை.

நடந்ததைத் தேதி, நேரம், ஊழியரின் பெயர், சொன்ன சொல் ஆகியவற்றோடு அன்றைக்கே எழுதி வையுங்கள்; அழைப்புப் பதிவுகளை அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய எண் கடன் அட்டையிலேயே இருக்கும். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம், அல்லது சண்டிகரில் உள்ள அதன் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அடிதடி, மிரட்டல், பெண்களை இழிவாகப் பேசுதல் போன்றவற்றுக்கு இந்த 30 நாள் காத்திருப்பு தேவையில்லை. நேராகக் காவல் நிலையம் போகலாம். வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கவே தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

செயலிக் கடனில் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுப்பதே விதிமீறல். படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் 1930 எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். மிரட்டலுக்குப் பயந்து ஒரு முறை அனுப்பினால் மறுமுறையும் கேட்பார்கள்.

தண்டல், தினவட்டி, மணிநேர வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாமே 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ்க் குற்றங்கள். மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்து நிலத்தைக் கேட்டால், அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்தில் செலுத்திக் கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரவும் இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊரில் பகை வரும் என்று பலர் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படியானால் முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் பாருங்கள்.

நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், கணக்கு நோட்டை மூடிவிட்டு 14416 அல்லது 104-ஐ அழையுங்கள். எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் வந்தபின்

வக்கீல் நோட்டீஸும் நீதிமன்றச் சம்மனும் ஒன்றல்ல. இரண்டையும் வாங்க மறுக்காதீர்கள், மறுத்தாலும் வழக்கு நடக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். அரூர், ஓசூர் போன்ற ஊர்களின் நீதிமன்றங்களில் வட்டக் குழு இருக்கிறது. தொலைபேசியில் 15100.

வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்த வங்கி, 90 நாள் தவணை தவறிய பிறகு ஈடு வைத்த சொத்தை வங்கியே கைப்பற்ற இடம் தரும் சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்பும். உங்கள் ஆட்சேபத்துக்கு வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும்; சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. புரோநோட்டுக் கடனுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதன் பின்புறத்தில் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். தீர்ப்பு வந்த பிறகும் சம்பளம் முழுவதையும் பிடிக்க முடியாது: முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கே. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை.

மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் வங்கிகள் வட்டியைக் கணிசமாக விட்டுக்கொடுப்பது உண்டு. அங்கே ஏற்படும் சமரசத்துக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், "ஒரே தவணையில்" என்று எழுதியிருந்தால் பணம் எங்கிருந்து வரும் என்று தெரிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். மூன்று மாதத் தவணைகளாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச இடம் இருக்கும். தீர்வுத் தொகையைக் கட்டக் கைமாற்று வாங்குவது, விட்ட இடத்துக்கே திரும்புவதாகும்.

மஞ்சள் கடுதாசி கொடுப்பது, அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் ஐ.பி. போடுவது, 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி இன்றும் நடப்பில் உள்ளது. கடன் கொடுத்த எல்லாரையும் உங்கள் சொத்துகளையும் மறைக்காமல் மனுவில் காட்ட வேண்டும். இருக்கும் சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போகும். மனு போடுவதற்கு முன்பு நிலத்தை மைத்துனன் பெயருக்கு எழுதி வைப்பது செல்லாது என்று ஆக்கப்படலாம். சொத்து ஏதும் மிஞ்சாமல், வருமானத்துக்குள் எந்தக் கணக்கும் அடங்காமல் போனவர்களுக்கே இந்த வழி. வக்கீலோடு பேசாமல் இறங்கக் கூடாது.

கடன் முடிந்த அன்று வாங்க வேண்டியவை

கடைசித் தவணை கட்டியவுடன் கடன் நிலுவை இல்லை என்ற சான்றைக் கேளுங்கள். புரோநோட்டு, வெற்றுக் காசோலை, ஏ.டி.எம். அட்டை ஆகியவற்றைத் திருப்பி வாங்கி, புரோநோட்டின் குறுக்கே தீர்ந்தது என்று எழுதிக் கிழித்துவிடுங்கள், வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் நிறுவனத்தின் பெயரை நீக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். வங்கியும் நிதி நிறுவனமும் சொத்துப் பத்திரத்தை 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். முழுதும் கட்டிய கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால் அறிக்கை நிறுவனத்திடமே இணையத்தில் திருத்தம் கேளுங்கள்; 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது விதி.